கழிக்காதீங்க மேடம்

ஓரகடம் கூட்ரோட்டில் வருமான வரிக் கணக்கு போட்டுத் தரும் ரத்னா மேடத்தின் டாக்ஸ் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. வரிசையில் இருந்த அத்தனை பேர் போனிலும் ஒரே வீடியோதான். ஓவர்டைம் காசை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாமாம், அதற்கு வரியே கிடையாதாம்!

எல்லோருக்கும் வாயெல்லாம் பல். தங்கமாரி மட்டும் அந்த வீடியோ பொய்யாக இருக்கக் கூடாதா என்று தவித்தாள்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பிள்ளைப்பாக்கத்தில் ஹாஸ்டல், கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. ஒரு வருஷமாக ஒரு ஞாயிறு விடாமல் அவள் ஓ.டி. பார்த்ததே வரி கட்டுவதற்காகத்தான்.

சிரிக்காதீர்கள். அவள் விரும்புகிற பையனின் அம்மா போட்ட நிபந்தனை அது. வருகிற மருமகள் வருமான வரி கட்டுகிறவளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சையே எடுக்காதே என்று மகனிடம் கறாராகச் சொல்லிவிட்டாளாம். நகை கேட்கிற மாமியாரைப் பார்த்திருக்கிறோம், வண்டி கேட்கிற மாமியாரைப் பார்த்திருக்கிறோம். இது என்ன கூத்தோ!

ஓ.டி. சேர்ந்ததால்தான் அவள் வருமானம், அவள் கேள்விப்பட்ட வரி எல்லையான ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதைக் கழித்துவிட்டால் கல்யாணமும் சேர்ந்து கழிந்துபோகும்.

நின்ற இடத்திலேயே வல்லக்கோட்டை முருகனுக்கு ஒரு மொட்டை நேர்ந்துகொண்டாள். முகூர்த்தப் புடவையில் மொட்டைத் தலையை நினைத்துப் பார்த்ததும், அவசரமாக அதைப் பாலபிஷேகமாக மாற்றிக்கொண்டாள்.

அவள் முறை வந்தது.

"அது அமெரிக்காக்காரனுக்குப் போட்ட சட்டம்மா. இங்க செல்லாது" என்றாள் ரத்னா, வரிசை முழுக்கக் கேட்கும்படி.

வரிசை 'ச்சே' என்றது. தங்கமாரி ஒரு குதி குதித்தாள். பின்னால் நின்றவரின் கால் நசுங்கியது, பாவம்.

ஆனால் ரத்னா கைதேர்ந்தவள். படிவத்தைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டினாள். புது வரி முறையில் பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி கிடையாது, உனக்குச் சுழி என்று சந்தோஷமாகச் சொன்னாள்.  தங்கமாரி பழைய முறையில் போடச் சொல்லிக் கெஞ்சினாள். அதிலும் பி.எஃப். பணத்தைக் கழித்தால் சுழிதான் என்று ரத்னா மறுபடி சிரித்தாள்.

"கழிக்காதீங்க மேடம்! கையெடுத்துக் கும்பிடுதேன், எதையுமே கழிக்காதீங்க!"

ரத்னா கண்ணாடியைக் கழற்றினாள். இருபது வருஷத்தில் தன் கடைக்கு வந்த யாரும் ஒரு ரூபாய் அதிகமாகக் கட்டியதில்லை என்றாள். புத்தி சொல்லிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். பெண் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு கணக்குப் போட்டாள். வட்டியோடு பதினேழாயிரத்துச் சொச்சம்.

தங்கமாரி போனை நீட்டிப் பணத்தைக் கட்டினாள். பிரிண்டர் பக்கம் இருந்த ஆள் அதுவரை தலையே நிமிரவில்லை. ரசீதைத் தலைகீழாக எடுத்து நீட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

அவள் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.  

ரத்னாவால் பொறுக்க முடியவில்லை. "யாருக்கோசரம்மா இந்தக் கூத்து?"

தங்கமாரி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். ரசீதை இரண்டு கையாலும் பிடித்து, பூப்பழத் தட்டை நீட்டுகிற மாதிரி நீட்டினாள்.

"உங்களுக்காகத்தான், அத்தை."

வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது.

ரத்னா மெதுவாகத் திரும்பிப் பிரிண்டர் பக்கம் பார்த்தாள். அவளுடைய ஒரே மகன் டில்லிபாபு, காகிதக் கட்டுக்குப் பின்னால் குனிந்து காணாமல் போயிருந்தான்.

மறுபடி ரசீதைப் பார்த்தாள். தொகையை விரலால் தொட்டுப் படித்தாள். நெஞ்சில் கை வைத்தாள்.

"அடிப்பாவி, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பதினேழாயிரம்டீ! நம்ம வூட்டு காசு!"