ஃபேன் சத்தத்துக்குப் பின்னால்

“ஃபேன் சத்தத்தை எடுத்துட்டு அப்பா குரலைத் தூக்கி வைங்க. வீட்டைக் கேட்டு அண்ணன் கண்டிப்பா சண்டைக்கு வருவான். அப்பா இறந்தப்புறம் அவர் போன்ல கிடைச்ச இந்த வீடியோதான் எனக்கு ஆதாரம்” என்றான் வந்தவன்.

வீடியோ எடிட்டருக்கு அவன் அவசரத்தைப் பார்த்ததுமே சந்தேகம். இரைச்சலைக் குறைத்தார்.

“வீடு சின்னவனுக்குத்தான்” என்றார் கட்டிலில் கிடந்த பெரியவர். அதற்குச் சற்று முன்னால், யாரோ கிசுகிசுத்தது இப்போது தெளிவாகக் கேட்டது.

“வீடு சின்னவனுக்குன்னு சொல்லுங்கப்பா.”

நினைத்தது சரிதான். எடிட்டர் ஹெட்போனை நீட்டினார்.

“படுத்த படுக்கையா கிடந்தவருக்குச் சொல்லிக்கொடுத்தா வீடியோ எடுத்தீங்க? உங்க குரலை நீங்களே கேளுங்க.”

கேட்டான். மறுபடியும் போடச் சொன்னான். ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

“என் குரல் இல்ல சார். அண்ணன் குரல்.”