ரசமட்டம்

"இன்னும் சாயுது லோகு" என்றார் பக்தவச்சலம். கேரவன் தரையில் அவர் வைத்த டம்ளரில் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி நின்றது.

"தோ சார், இன்னொரு பலகை போட்டா சரியாப்பூடும்" என்றபடி டிரைவர் லோகு வண்டிக்கடியில் குனிந்தான். முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் பலகையைச் செருகினான். தெரிந்த கொத்தனாரிடம் வாங்கி வைத்திருந்த ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் வந்து நின்றது.

தாம்பரத்துக்குத் தெற்கே, கைவிடப்பட்ட கல்குவாரி அது. பாட்டுக்கும் சண்டைக்கும் வாகான பாறைகள். கீழே, ஆழம் யாருக்கும் தெரியாத பச்சைத் தண்ணீர். வண்டி நின்ற செம்மண் தரை அந்த விளிம்பைப் பார்த்துச் சரிந்திருந்தது. வேறு இடம் பார்க்கலாமே என்று பக்தவச்சலம் சொல்லத்தான் செய்தார். "இங்கதான் சார் நெழல் கீது" என்று லோகு நிறுத்திவிட்டான்.

சினிமாவுக்குக் கேரவன் வந்த புதிது. கதாநாயகன் ஹேமநாத்துக்கு வண்டி கொஞ்சம் கோணலாக நின்றாலும் தலை சுற்றும், பாத்ரூமில் தண்ணீர் தேங்கினால் அன்றைக்கு ஷூட்டிங்கே நடக்காது. புரொடக்‌ஷன் மேனேஜரான பக்தவச்சலத்துக்குப் பாதி உயிர் அந்த டம்ளரில்தான் இருந்தது.

"நீ வந்ததிலேர்ந்து ஒரு குறையும் இல்லப்பா" என்று மனதாரச் சொன்னார். "கதவுகிட்ட ஒரு மரப்பெட்டி போட்டுடு. ஏறி எறங்க சுலபமா இருக்கட்டும்."

லோகு பெட்டியைப் போட்டான். பெரிய மனுஷங்க சவுகரியத்துக்கு அளவே இல்லை என்று நினைத்துக்கொண்டான். பிறகு சக்கரத்துக்கு முன்னால் ஒரே ஒரு கல்லை வைத்து முட்டுக் கொடுத்தான். யாரும் பார்க்காத நேரத்தில் உள்ளே ஏறி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு இறங்கினான்.

போன வருஷம் இதே குவாரியில்தான் அவன் மகள் அஞ்சலி செத்தாள். குரூப் டான்ஸ் ஆடுகிறவள். அந்தப் பெண்களுக்கு ஷூட்டிங்கில் பாத்ரூம் என்று ஒன்று கிடையாது. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொள்வது அவர்கள் பிழைப்பில் ஒரு பகுதி.

அன்று அடக்க முடியவில்லை. ஹேமநாத்தின் கேரவன் கதவைத் தட்டி, ஒரு நிமிஷம் உள்ளே போய்வரட்டுமா என்று கேட்டாள். "என் வண்டியில கண்டவங்களும் ஏற முடியாது" என்று உள்ளேயிருந்து பதில் வந்ததாம்; கூட ஆடியவள் அழுதுகொண்டே லோகுவிடம் சொன்னாள். மறைவு தேடிப் பாறை விளிம்புக்குப் போன அஞ்சலி வழுக்கி விழுந்தாள். கால் தவறி விழுந்து பலி என்று பேப்பரில் போட்டார்கள். அவள் ஏன் அங்கே போனாள் என்று ஒரு பாவியும் எழுதவில்லை.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். லோகுவுக்குப் பூமி வேண்டாம். இதே இடத்தில் இன்னொரு நாள் ஷூட்டிங் வந்தால் போதும். அதற்காகவே இந்த வண்டிக்கு டிரைவராகச் சேர்ந்து, பலகை செருகிச் செருகி நல்ல பெயர் வாங்கினான். அவன் யாருடைய அப்பன் என்று ஹேமநாத்துக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்கு பிரேக் விட்டார்கள். லோகு வண்டியின் மறுபக்கம் போய், முட்டுக் கொடுத்த கல்லருகே குத்த வைத்து உட்கார்ந்தான். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. வண்டி ஆடி அடங்கியது.

"அஞ்சலி" என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டான். கண் நிறைந்துவிட்டது. எழுந்து கல்லைக் காலால் எத்தித் தள்ளினான்.

வண்டி பலகையிலிருந்து மெல்ல இறங்கியது. அதற்கப்புறம் மெல்ல இல்லை. விளிம்பில் பின்பக்கம் ஒரு கணம் தூக்கி நின்றது, பிறகு கீழே தண்ணீர் அதிர்கிற சத்தம் கேட்டது.

யூனிட்டே ஓடி வந்தது. நீச்சல் தெரிந்த இரண்டு லைட்மேன்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு பாறையில் இறங்கினார்கள். லோகு மாரில் அடித்துக்கொண்டு அழுதான். அதுவும் அவன் மனசுக்குள் பல நாள் ஒத்திகை பார்த்ததுதான்.

"பிரேக்கு புடிக்கலியே... ஹீரோ சார் உள்ள கீறாரே..."

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினான். மேக்கப் கலையாத முகத்தோடு ஹேமநாத் நின்றான்.

"நான் ஏறல லோகு. போன வருஷம் இங்க நான் கதவத் தொறக்காததால ஒரு பொண்ணு செத்துப்போச்சு. இந்த எடத்துல என்னால அந்த வண்டிக்குள்ள உக்கார முடியல."

லோகு கீழே தண்ணீரைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப... உள்ள யாரு சார்?"

"டான்ஸ் ஆடுற பொண்ணுங்க."