பகடைக் கோபுரம்

“அம்பு கழுத்தை உரசிட்டுப் போயிடுச்சு. அக்கா பொழைச்சுட்டா!” என்றான் மச்சினன். அக்கா பிழைத்ததில் சந்தோஷப்படாத ஒரே ஆள், அந்த மேஜையில் அவள் கணவர்தான்.

‘இதோடு அஞ்சாவது தடவை’ என்று அவர் மனசுக்குள் கணக்கு வைத்துக்கொண்டார். மச்சினன் முன்னால் ஒரு பழைய ஃபைல் அட்டை தடுப்பாக நின்றிருந்தது. அதற்குப் பின்னால் உருண்ட பகடையில் என்ன விழுந்தது என்று அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு அது. கதையைச் சொல்வது மச்சினன். அவர், அவர் மனைவி, மாடி வீட்டுப் பல் டாக்டர் மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். எதிரிகளுக்காக இருபது முகப் பகடையை உருட்டுவதும் மச்சினன்தான். பெரிய எண் விழுந்தால் அடி, சின்ன எண் விழுந்தால் தப்பித்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியை இழுத்து மூடியபோது, ஒரு மாதம் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தவர் அவர். மனைவிதான் கையைப் பிடித்து இந்த மேஜைக்கு இழுத்து வந்தாள். இப்போது வேறு கம்பெனியில் வேலை. தன்னில் பாதி வயது சூப்பர்வைசரிடம் வாரத்தில் ஆறு நாள் திட்டு. ஏழாம் நாள் மட்டும் அவர் ஒற்றைக்கண் படைத்தலைவன். டாக்டரே அவரைத் “தலைவரே” என்றுதான் கூப்பிடுவார்.

பாத்திரத்தின் விவரம் எழுதிய அவருடைய தாள், இரண்டு வருடமாக அவர் ஒருமுறைகூடச் சாகாததால், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. மற்றவர்கள் செத்துச் செத்துப் புதுத் தாள் எழுதினார்கள். “பயப்படாம முன்னால பாயணும், அதான் சூட்சுமம்” என்று அவர்களுக்கு அவர் இலவச ஆலோசனையும் வழங்குவார்.

ஆனால் மனைவியின் இந்தப் புதுப் பாத்திரம் மட்டும் இரண்டு மாதமாகச் சாகவே மாட்டேன் என்கிறது. அக்கா மேல் தம்பிக்குப் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது போலிருக்கிறது. நாற்பத்தேழு வயதில் பெண்டாட்டியின் பகடையைப் பார்த்து வயிறெரிகிறோமே என்று அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவள் பொய்யில் பிழைக்கிறாள் என்றால், தான் திறமையில் பிழைத்ததற்கு என்ன மரியாதை?

அடுத்த ஞாயிறு ஒரு பார்சலோடு வந்தார். உள்ளே ஒரு முழ உயரத்தில் மரக் கோபுரம். மேலே பகடையைப் போட்டால் படிப்படியாக உருண்டு, கீழே தட்டில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வந்து விழும். மனைவியிடம் என்ன பொருள் என்று சொல்லாமல் பாதி விலைதான் சொல்லியிருந்தார்; அதை நினைத்தாலே காது சூடாயிற்று.

“பகடை போடக் கை போதாதா தலைவரே? இதுக்குப் போய் யாராவது காசைக் கொட்டுவாங்களா?” என்றார் டாக்டர்.

“போதாது டாக்டர். இனிமே எல்லாம் இதுலதான். அந்த அட்டையை எடுத்துடு மாப்ளே.”

மச்சினன் முகம் சுருங்கியது. “அட்டையே இருக்கட்டுமே மாமா.”

“திருப்பி அனுப்பிடலாங்க. நமக்கு எதுக்கு இதெல்லாம்?” என்றாள் மனைவி அவசரமாக. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவர் கவனித்தார்.

“மடியில கனம் இல்லேன்னா வழியில என்ன பயம்?” என்று அவரே அட்டையைப் பிடுங்கிக் கீழே போட்டார். போட்ட பிறகு, அது அவருக்கே அசிங்கமாகப் பட்டது.

அன்றைய கதையில் ஒரு குகை, மூன்று ராட்சதர்கள். முதல் அடி மனைவிக்கு. கோபுரத்துக்குள் பகடை கடகடவென்று இறங்கியது. நாலு. தப்பித்தாள். மறுபடியும் உருட்டினான். ரெண்டு. மறுபடியும் தப்பித்தாள்.

எங்கேயோ உதைத்தது. யோசிக்க நேரமில்லை, வழக்கம்போல் படைத்தலைவன் வாளை உருவிக்கொண்டு மூன்று பேருக்கும் நடுவில் பாய்ந்துவிட்டான்.

“கொஞ்சம் பின்னால வந்துடுங்க மாமா. அங்க நின்னா மூணு பேரும் உங்களைத்தான் போட்டுத் தாக்குவாங்க.”

“ரெண்டு வருஷமா அப்படித்தானே ஆடுறேன்? உருட்டு!”

பதினேழு. பத்தொன்பது. பதினெட்டு.

செத்தது காகிதத்தில் இருந்த ஆள்தான். இருந்தாலும் அவர் அந்த டேப் ஒட்டிய தாளைக் கவிழ்த்து வைத்தார். துக்கத்தை மறைக்கக் கோபம்தான் கைக்குக் கிடைத்தது.

“நான் செத்தா பரவாயில்ல. இத்தனை நாளா அட்டைக்குப் பின்னால உக்காந்து பொய் சொன்னியா இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

“சொன்னேன் மாமா.” மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

“பாத்தியா! உங்க அக்காவைக் காப்பாத்தத்தானே?”

“அக்காவுக்கு ஒரு தடவைகூட இல்ல. அவளுக்கு என்ன விழுந்துச்சோ அதை அப்படியேதான் சொன்னேன்.”

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். நாலு முறை செத்துப் புதுத் தாள் எழுதிய டாக்டர், ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தில் ஆச்சரியம் என்பதே இல்லை. டாக்டருக்கும் தெரிந்திருக்கிறது என்று புரிந்ததும் படைத்தலைவர் கூனிக் குறுகிப் போனார். “பின்னே...” என்று ஆரம்பித்தவர், கவிழ்த்து வைத்த தன் தாளைப் பார்த்தார்.

மனைவி அவர் கைமேல் கை வைத்தாள்.

“நான்தாங்க அவன்கிட்ட சொல்லி வெச்சேன், உங்களைச் சாக விடாதேன்னு.”