சொல்லி அடித்தல்

உண்ணாமலை நாற்பது வயதில் கராத்தே கற்கத் தொடங்கியவள்; நாள்தோறும் மொட்டைமாடியில் ஐம்பது தடவை தடுப்பு பழகிய பின்னரே அடுப்பைப் பற்றவைப்பாள். இருவராகப் பழகுகையில், அடிப்பவர் தாம் அடிக்கப்போகும் இடத்தை முன்னரே சொல்லிவிட வேண்டும். மற்றவர் அதைத் தடுப்பார்; பிறகு முறை மாறி, அவர் இடம் சொல்லி அடிப்பார். அவ்வொழுங்கைக் கணவன் மெய்யப்பனுக்கு ஆசையோடு சொன்னவளும் அவளே.

ஞாயிறன்று அவன் தன் நண்பர்கள் முன்னிலையில் அவளை அழைத்து நிறுத்தினான். "முகம்!" என்றான். அவள் கையை உயர்த்தினாள். குத்து வயிற்றில் இறங்கியது. "என்னடி, வயித்துப் பாடம் இன்னும் நடத்தலியா ஒங்க மாஸ்டர்?" என்றான். நண்பர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். சுருண்டு கிடந்தவள் மெல்ல எழுந்து, வகுப்பில் செய்வதுபோலவே குனிந்து வணங்கினாள். "இப்ப நான் அடிக்கணுங்க." "அடி, பாப்போம்" என்று அவன் கைகளை விரித்து நின்றான். இடத்தைச் சொல்வதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.