வாய் திறந்த மாதா

பாஞ்சாலி செருப்பைக் கழற்றாமலே உள்ளே நுழைந்தாள்.

“மாதா கீற எடம்கா. செருப்ப வெளிய வுடு” என்றான் லாரன்ஸ்.

அவள் நிற்கவில்லை.

அடையாற்றங்கரையில், தன் வீட்டுக்குப் பின்னால், லாரன்ஸ் போட்டிருந்த தோட்டம் அது. செடிகள் குறைவு. உடைந்த டைல்ஸ், தகரம், சைக்கிள் ரிம், குழாய்த் துண்டுகளைச் சேர்த்து அவனே செய்த சிலுவைகளும், சிறகு விரித்த சம்மனசுகளும்தான் எங்கும். யாரிடமும் கற்றதில்லை. பேப்பரில் படம் வந்ததிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். இன்று கேமராவுடன் ஒரு கல்லூரிப் பெண் வந்திருந்தாள்.

பேப்பர் படத்தைப் பார்த்துத்தான் பாஞ்சாலியும் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள். அதில் ஒரு பீடம் மட்டும் தெரிந்தது. பீடத்தில் பதித்த ரோஜாப்பூ டைல்ஸ் அவள் வீட்டுச் சமையல் மேடையில் இருந்தவை.

“எங்க வூட்டு சாமான் இது. யார கேட்டு எடுத்த?”

“இடிச்ச எடத்துல குப்பையா கெடந்தது” என்றபடி லாரன்ஸ் நிமிர்ந்தான். அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். அவன் கண் பீடத்தின் மேலே போனது.

பாஞ்சாலியும் மேலே பார்த்தாள்.

ஆளுயர மாதா. ஆசீர்வதிக்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். இடது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு.

பாஞ்சாலியின் விரல் தன் புருவத்தைத் தொட்டது.

ஆற்றோர வீடுகளை இடித்து எல்லாரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய அன்று அவள் இப்படித்தான் புல்டோசருக்கு முன்னால் நின்றாள். மேலே கண்ணாடிக்குப் பின்னால், முகத்தில் துண்டு கட்டிய ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவளை இவ்வளவு நேராகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

“ஓட்டினது நீயா?”

லாரன்ஸ் கைகூப்பினான். “தெனம் கும்புட்டுக்கினு கீறேன்கா.”

“உன்ன கும்புடச் சொல்லல. நிறுத்தச் சொன்னேன்.”

பீடத்தருகே கிடந்த சுத்தியலை எடுத்துச் சிலையின் முகத்தைப் பார்த்து அடித்தாள். தாடை பெயர்ந்து விழுந்தது. லாரன்ஸ் தடுக்கவில்லை.

“ஐயோ, மாதா!” என்று அலறினாள் கேமராப் பெண்.

“மாதா இல்லம்மா, பாஞ்சாலி” என்று சொல்லி, மறுபடி ஓங்கினாள்.