டிவியின் முதுகு

தோசைக்கரண்டியை எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

கூடத்திலிருந்து கணவன் கேட்டான். எதற்கு என்று கேட்காமல் நீட்டிவிட்டாள். பதினெட்டு வருடப் பழக்கம்.

கல்லில் மாவை ஊற்றிய பிறகுதான் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

டிவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. இருபத்திரண்டு நாளாக அப்படித்தான் நிற்கிறது. அதன் முதுகில், காற்றுத் துளைகளை ஒட்டி, மண்ணால் நான்கு அறைகள்.

குளவிக்கூடு.

அதைச் சுரண்டத்தான் கரண்டி. குறுக்கே பிள்ளைகள் இருவரும் நின்றார்கள். மகள் நித்திலாவுக்குப் பதினைந்து. மகன் சஞ்சீவுக்குப் பதின்மூன்று.

சோபாவில் பெரியப்பா, கணவனின் அண்ணன். மூன்றரைக்குக் கிரிக்கெட் ஆட்டம். அதற்குள் கூட்டை எடுத்து டிவியைப் போட்டாக வேண்டும். டீப்பாயில் அவர் வாங்கி வந்த பள்ளி விண்ணப்பம். அப்பா கையெழுத்துப் போட்டாயிற்று. அம்மாதான் பாக்கி.

போடுகிறேன் என்று காலையில் ஒப்புக்கொண்டிருந்தாள்.

வேறென்ன செய்வாள்? பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, நானே வீட்டில் படிக்க வைக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி எட்டு மாதம். போன்களைப் பிடுங்கி பீரோவில் பூட்டினாள். சுவரில் எட்டுப் பாடவேளைக்கு அட்டவணை ஒட்டினாள். செஸ் மூன்று நாள் ஓடியது. களிமண் இரண்டு நாள். மாடியில் போட்ட வெண்டைக்கு முன்னால் பிள்ளைகள் வாடிப்போனார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்ததுதான் அவர்கள் சொந்தமாகக் கற்ற ஒரே பாடம்.

அப்போதுதான் குளவி வந்தது.

அவள் வரவழைக்கவில்லை. அந்தப் பெருமையை அவள் கொண்டாடவும் இல்லை.

டிவியைப் போட்டால் சூட்டில் முட்டை வெந்துவிடும் என்று ஒயரைப் பிடுங்கி ஒளித்தவன் சஞ்சீவ். முன்பு ரிமோட்டுக்காக அக்கா கையைக் கடித்தவன் அவன்.

பல்கூடத் துலக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அதன் முதுகைப் பார்த்தார்கள். ஓர் அறையின் வாயை ஊசியால் திறந்து, கண்ணாடித் தாள் ஒட்டினார்கள். உள்ளே நூலில் தொங்கிய ஒரு முட்டை. நகர முடியாமல் கிடந்த பச்சைப் புழுக்கள். நாள், மணி, படம் என்று நோட்டு நிறைந்தது.

எதிர்வீட்டு அம்மாள் வந்து, "வீட்ல குளவி கூடு கட்டினா புள்ள பொறக்குமே, ஏதும் விசேஷமா?" என்று அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனாள். நாற்பத்திரண்டு வயதில் அது ஒன்றுதான் குறைச்சல்.

இப்போது பெரியப்பா சோபாவிலிருந்தபடியே சிரித்தார்.

"கொட்டக் கொட்டத்தான் புழு குளவியாகும். பள்ளிக்கூடத்துல நாலு கொட்டு வாங்கினாத்தான் பிள்ளைங்க மனுஷங்களா ஆவாங்க."

நித்திலா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இல்ல பெரியப்பா. புழு குளவியாகாது. முட்டையிலேருந்து வர்ற குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. உயிரோட தின்னுடும். நாங்க ஒன்பது நாள் பாத்தோம்."



 அந்த வீட்டில் பெரியப்பாவிடம் 'இல்ல' என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. பதினெட்டு வருடத்தில் அவளும் சொன்னதே இல்லை. முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

கணவன் முகம் சிவந்தது. கரண்டியோடு ஓரடி முன்னால் வைத்தான்.

சஞ்சீவ் நகரவில்லை. அப்பா இருமினாலே அம்மாவின் முந்தானைக்குள் போகிறவன்.  ஆனாலும் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

அவள் கணவனைத் தாண்டிப் போனாள்.

"ஆளுக்கொரு பக்கம் புடிங்க. ஆடக் கூடாது."

மூன்று பேரும் டிவியைத் தூக்கினார்கள், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தூக்குவதுபோல. கணவன் வழிவிட்டான். ஏன் விட்டான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

படுக்கையறை. டிவியைக் கட்டிலில் சாய்த்து வைத்தார்கள். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்து நின்றாள்.

கதவு இடிபட்டது. முதலில் கணவன். பிறகு பெரியப்பாவின் குரல்.

"கையெழுத்தப் போட்டுட்டு எங்க வேணா போய் உக்காரும்மா."

சஞ்சீவ் உதட்டில் விரலை வைத்தான்.

ஓர் அறையின் மண், ஒரே இடத்தில், வெளியே வரப்போகும் குளவி உள்ளேயிருந்து நனைக்க, ஈரமாகிக் கறுத்துக்கொண்டு வந்தது. நித்திலா மணி பார்த்து எழுதினாள்.

கதவுக்கடியில் விண்ணப்பம் நுழைந்தது. அவள் குதிகாலில் பட்டு நின்றது.

காகிதத்தில் கால் பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அவளை வளர்த்தார்கள். பிள்ளைகளையும் அவள் அப்படித்தான் வளர்த்தாள்.

அந்தக் குதிகாலாலேயே அதை வந்த வழியில் தள்ளினாள். முழுவதும் வெளியே போகும்வரை தள்ளினாள்.

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள்.

அவள் குனியவில்லை.