குரலுக்கு முதலிடம்

நியாயம் உள்ளவர்களே, வாருங்கள். சுபாங் ஜெயாவில், ஓர் அலுவலகத்தின் நான்காம் மாடியில், பட்டப்பகலில் ஒரு மனிதனின் பேச்சைப் பறித்தார்கள். வந்து பாருங்கள்.

ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். ஷாமினி கைப்பேசியை மேசைமேல் சாய்த்து வைத்தாள். திரையில் அவள் கணவன் லோகன். கடல் தாண்டி மீரியில், கப்பல் பட்டறை வாசலில், வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி.

பதினொரு மாதப் பிரிவு. ஒப்பந்தத்தை மேலும் ஈராண்டு நீட்டக் கேட்கிறார்கள். கையெழுத்திடுவானா, தீபாவளிக்கு வீடு திரும்புவானா? முகம் பார்த்துத்தான் சொல்வேன் என்று நேற்று எழுதியிருந்தான். பட்டறையில் கைப்பேசிக்கு அனுமதி உணவு வேளையில் மட்டும்; ஒரு மணிக்கு அது முடிந்துவிடும்.

லோகன் சிரித்தான். வலக்கையை உயர்த்தினான்.

படம் உறைந்தது.

ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. கடற்காற்று. இரும்பில் சுத்தியல். யாரோ யாரையோ மலாய் மொழியில் அழைக்கும் குரல். ஒரு பிசிறில்லை.

அடுத்த மேசைப் பிரவின் கைதட்டினான். காலையில்தான் ஷாமினியின் நிரலை அலுவலக இணைப்பில் ஏற்றியிருந்தான். இயங்குதளத்தின் உட்கருவில் அமர்ந்து, வந்து குவியும் தரவுப் பொட்டலங்களில் எது முந்தும், எது காத்திருக்கும் எனத் தீர்ப்பளிக்கும் நிரல். ஓராண்டு உழைப்பு. குரலுக்கு முதலிடம். கோப்புகளுக்கு அடுத்தது. அசையும் படமோ கேளிக்கை. ஆகவே கடைசி வரிசை. உலகம் அப்படித்தான் எழுதுகிறது. அவளும் அப்படியே எழுதினாள்.

“சத்தம் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்குலா! பேசுங்க அக்கா, நான் வேணும்னா காதைப் பொத்திக்கிறேன்.”

ஷாமினி உறைந்த திரையை விரலால் தட்டினாள்.

பட்டறைச் சங்கு ஊதியது. தெள்ளத் தெளிவாகக் கேட்டது. அழைப்பு அறுந்தது. பின்னாலேயே ஒரு குறுஞ்செய்தி வந்தது: “பாத்தியா? சொல்லிட்டேன். வேலைக்குப் போறேன்.”

பிறந்த நாள் முதல் லோகனின் செவியில் எந்த ஒலியும் விழுந்ததில்லை. அவன் பேச்செல்லாம் பத்து விரல்களில். விடை சொல்ல எழுந்த கை, பாதிச் சொல்லில் நின்றுபோயிருந்தது.

எழுதிக் கேட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். பதினொரு மாதம் ஏங்கிய ஒரு சொல்லை எழுத்தில் வாங்கிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா?

அடுத்த திங்களன்று இந்த நிரல் கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை எழுபதாயிரம் வீடுகளின் இணையப் பெட்டிகளுக்குள் நுழைகிறது. நிறுத்துங்கள், திருத்தித் தருகிறேன் என்று ஷாமினி அன்றே எழுதினாள். மேலிடத்திலிருந்து ஒரே வரி வந்தது: இதுவரை எவரும் புகார் செய்யவில்லை.

செய்யுங்கள். செவி உள்ளவர்களே, முதலில் நீங்கள் செய்யுங்கள். திங்களுக்கு முன் செய்யுங்கள்.